ஆரஞ்சு உடுப்பிலிருந்து பதில்கள்: பிரிட்டனின் மோட்டார் பந்தயங்கள்

சில்வர்ஸ்டோன் கிராண்ட் பிரீ முடிந்ததிலிருந்து கார் பந்தயம் பற்றிய கேள்விகளாகவே வந்துகொண்டிருக்கின்றன என்று சொல்லி, இந்த மாதப் பக்கத்தை ஆசிரியர் என்னிடம் தந்துவிட்டார். நான் நார்தாம்ப்டனில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு வருடமாக வார இறுதிகளில் பந்தய மார்ஷல். ஆரஞ்சு உடுப்பு போட்டுப் பாதையோரம் கொடியுடன் நிற்பார்களே, அவர்களில் ஒருத்தி.

அக்கா, என் மகன் ஃபார்முலா 1 தவிர வேறு எதையும் பந்தயம் என்றே ஒத்துக்கொள்வதில்லை. இந்த நாட்டில் எத்தனை வகைப் பந்தயங்கள்? ஏன் இத்தனை? (வாசகி, ஹாரோ)

ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பிடிபட்டால் வகைகள் தானாகப் புரியும்.

கார் வந்த புதிதில் பிரான்சில் ஊருக்கு ஊர் சாலையிலேயே பந்தயம் விட்டார்கள். பிரிட்டனில் அதற்கு வழியில்லை. 1903-ல் வந்த மோட்டார் கார் சட்டம் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது என்றது. பொதுச்சாலையை மூடிப் பந்தயம் நடத்த அனுமதி கிடையாது. ஆசை மட்டும் அடங்கவில்லை. ஆளாளுக்கு ஓர் இடம் தேடிப் போனார்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, தனிச் சட்டம் உள்ள மான் தீவுக்கு (Isle of Man) சிலர் போனார்கள். அங்கே 1907-ல் தொடங்கிய டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் நடக்கிறது. அதே 1907-ல் ஹியூ லாக் கிங் என்ற செல்வந்தர் சர்ரேயில் தன் நிலத்தில், தன் காசில், புரூக்லேண்ட்ஸ் பாதையைக் கட்டினார். பந்தயத்துக்கென்றே, சாய்ந்த வளைவுகளோடு கட்டிய உலகின் முதல் கார் சுற்றுப்பாதை அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நாடு முழுக்க விமானத் தளங்கள் சும்மா கிடந்தன. சில்வர்ஸ்டோன், த்ரக்ஸ்டன், ஸ்னெட்டர்டன், காசில் கூம், குட்வுட் எல்லாம் அப்படி வந்தவைதான். உங்கள் மகனுக்குப் பிடித்த ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம், 1950 மே 13 அன்று, அந்த சில்வர்ஸ்டோனில்தான் நடந்தது.

ஆகவே இங்கே பந்தயத்தை காரை வைத்துப் பிரிப்பதைவிட தரையை வைத்துப் பிரிப்பது எளிது. தார்ச் சுற்றுப்பாதையில் ஓடுவது ஒரு குடும்பம்: ஒற்றை இருக்கை கார்கள், டூரிங் கார், ஜி.டி. எனப்படும் ஸ்போர்ட்ஸ் கார்கள், பழைய கார்கள், லாரிகள்கூட. காட்டுப் பாதையில் ராலி. பாதி தார், பாதி மண்ணில் ராலிகிராஸ். அது 1967-ல் கென்ட்டில் லிடன் ஹில்லில் பிறந்தது. சின்ன முட்டை வடிவ மைதானத்தில் ஸ்டாக் கார். சேற்று மேட்டில் நிற்காமல் ஏறிப் பார்க்கும் டிரையல். தனியார் மலைச்சாலையில் ஹில்கிளைம்ப்.

எனக்கு மிகப் பிடித்தது ஹில்கிளைம்ப். வூஸ்டர்ஷயரில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்று ஓர் இடம். 1905 முதல் அதே மேட்டுச் சாலையில் கார் ஏற்றுகிறார்கள். மொத்தத் தூரம் 1,000 கெஜம், அவ்வளவுதான். ஒவ்வொரு காராகப் போகும். எதிரி கடிகாரம் மட்டுமே. முதல் வருடம் வென்ற டெய்ம்லர் 77.6 நொடி எடுத்தது. இன்றைய சாதனை 22 நொடி சொச்சம். தொடக்கக் கோடு சரிவில் இருப்பதால் கார் பின்னால் உருளும். அதற்காக ஒரு மார்ஷல் நீளக் கம்பி நுனியில் உள்ள கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் வைப்பார். கார் பாய்ந்ததும் கட்டையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். அந்த வேலையை நான் ஒரு நாள் முழுக்கச் செய்திருக்கிறேன். ஓட்டுநர் கிளட்சில் காலை வைத்திருக்கும்போது பின்டயர் நடுங்குவது அந்தக் கம்பி வழியாக என் கைக்கே வந்தது. மேலே போனவர்கள் கொஞ்ச நேரம் கழித்து வரிசையாக மெதுவாக இறங்கி வருவார்கள். கீழே பழத்தோட்டத்துக்குள் கார்களை நிறுத்தி, பக்கத்தில் கார் நிறுத்தியவர்களோடு தேநீர் குடிப்பார்கள். உங்கள் மகனை ஒருமுறை அங்கே கூட்டிப்போங்கள். காருக்கு இரண்டடி பக்கத்தில் நின்று, ஓட்டியவரிடமே அவன் கேள்வி கேட்கலாம்.

குடும்பத்தோடு முதல்முறை பார்க்கப் போக எது நல்லது? (வாசகர், குரோய்டன்)

பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப். இடம், உங்களுக்குப் பக்கத்திலேயே, கென்ட்டில் உள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச். கிண்ணம் போன்ற பள்ளத்தில் பாதை இருப்பதால், குட்டிச் சுற்று ஓடும் நாளில் புல்மேட்டில் உட்கார்ந்தே ஏறக்குறைய முழுப் பாதையையும் பார்க்கலாம்.

1958-ல் தொடங்கிய சாம்பியன்ஷிப் இது. ஃபார்முலா 1 சாம்பியன் ஜிம் கிளார்க் 1964-ல் லோட்டஸ் கார்ட்டினாவில் இதையும் வென்றார். பார்வைக்கு உங்கள் தெருவில் நிற்கும் கார் போலவே இருக்கும். ஒரே நாளில் மூன்று பந்தயம். வென்றவர் தொடர்ந்து வென்றுகொண்டே போகாமல் பார்த்துக்கொள்ள விதிகள் உண்டு. முன்பு ஜெயித்த காரில் எடை ஏற்றினார்கள். இப்போது பந்தயத்தின் நடுவே கொஞ்ச நேரம் பயன்படுத்தும் கூடுதல் சக்தியை ஜெயித்தவருக்குக் குறைத்துத் தருகிறார்கள். மூன்றாவது பந்தயத்தில் முன்வரிசை ஆட்களின் வரிசையையே தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். அதனால் கதவோடு கதவு உரசும். குழந்தைகளுக்குத் தூக்கமே வராது!

அதே நாளில் துணைப் பந்தயமாக ஜினெட்டா ஜூனியர் நடந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஓட்டுபவர்களுக்கு 14 முதல் 17 வயதுதான். ஃபார்முலா 1 ஓட்டுநர் லாண்டோ நாரிஸ் 2014-ல் இதில் ஓட்டிய பிள்ளை.

ஜி.டி. பந்தயம் வேறு ருசி. ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பெரும்பாலும் ஒருவர் தொழில்முறை ஓட்டுநர், மற்றவர் வேறு தொழில் செய்பவர். நடுவில் பிட் எனப்படும் பாதையோரப் பணியிடத்துக்கு வந்து ஆள் மாறும் அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கவே போகலாம்.

ராலியில் பக்கத்து இருக்கையில் ஒருவர் எதற்கு? அவர் படித்துக்கொண்டே இருப்பது என்ன? (மாணவர், லீட்ஸ்)

தம்பி, அவர்தான் ஓட்டுநரின் கண். பந்தயத்துக்கு முன்பே இருவரும் அந்தப் பாதையில் மெதுவாகப் போய், ஒவ்வொரு வளைவையும் எழுதி வைப்பார்கள். பெரும்பாலானோர் வைத்திருக்கும் கணக்கில் ஒன்று என்றால் மிக இறுகிய வளைவு, ஆறு என்றால் வேகத்தைக் குறைக்காமலே போகலாம். பந்தயத்தில் அதைத்தான் ராகம் மாறாமல் சொல்லிக்கொண்டே வருவார்: "இடது நாலு, மேடு, எண்பது, வலது இரண்டு, வெட்டாதே." அந்த எண்பது, அடுத்த வளைவுக்கு உள்ள தூரம். வெட்டாதே என்றால் உள்பக்கம் கல்லோ பள்ளமோ இருக்கிறது. ஒரு வரி தாமதமானால் கார் மரத்தில். கோலின் மெக்ரே 1995-லும் ரிச்சர்ட் பர்ன்ஸ் 2001-லும் உலக சாம்பியன் ஆனார்கள். பக்கத்தில் இருந்த டெரெக் ரிங்கர், ராபர்ட் ரீட் பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

ராலியில் இன்னொரு கிளை இரவு ராலி. திறந்த சாலையில், சட்டப்படி சராசரி 30 மைலுக்கு மிகாமல், நிலவரைபடத்தை வைத்து வழி கண்டுபிடிக்க வேண்டும். வேல்ஸில் ஒருமுறை நான் வரைபடம் பிடித்திருக்கிறேன். மடியில் தாள், ஒரு கையில் விளக்குப் பொருத்திய உருப்பெருக்கி, வெளியே ஆட்டுக்குட்டியின் கண்கள். அதிகாலை நாலு மணிக்கு, கடைசிச் சாவடியில் ஒரு பெரியவர் அட்டையில் நேரம் எழுதிக் கொடுத்தபோது வந்த நிம்மதியை எந்த வேலையும் எனக்குத் தந்ததில்லை.

பொதுச்சாலையில் பந்தயத்துக்கு வழியில்லை என்று முதலில் சொன்னேனே, அந்தக் கதவு இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. 2017-ல் இங்கிலாந்தில் சட்டத்தைத் திருத்தி, அனுமதி பெற்றுப் பொதுச்சாலையை மூடி ராலி நடத்தலாம் என்றார்கள். 2018 ஏப்ரலில் எசெக்ஸின் கிளாக்டன் பக்கம் முதல் ராலி ஓடியது.

ஒரு மைதானத்தில் கார்கள் வேண்டுமென்றே இடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கூரைகளில் வேறு வேறு நிறம். அதுவும் பந்தயமா? (வாசகர், கோவென்ட்ரி)

பந்தயம்தான், அதுவும் நுட்பமான பந்தயம். நீங்கள் பார்த்தது ஸ்டாக் கார். 1954-ல் ஈஸ்டர் வெள்ளிக்கிழமை லண்டன் நியூ கிராஸ் மைதானத்தில் இந்த நாட்டுக்கு வந்தது. கூரை நிறம் ஓட்டுநரின் தரம். புதியவர், வேகம் குறைந்தவர் வெள்ளை. அதற்கு மேல் மஞ்சள், நீலம், சிவப்பு. உலக சாம்பியனுக்குத் தங்க நிறம். வெள்ளைக் கூரைகள் முன்னால் கிளம்பும், சிவப்புக் கூரைகள் கடைசியில். வல்லவர் ஜெயிக்க வேண்டுமென்றால் மொத்தக் கூட்டத்தையும் தாண்டி வர வேண்டும். அதற்குத்தான் அந்தக் கனத்த இரும்பு பம்பர். முன்னால் போகிறவரை வளைவில் தட்டி வெளியே அனுப்புவது விதிக்குள் வருகிறது. இதைக் கீழான ஆட்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் தட்டினால் தன் வேகம் குறையாது என்று தெரிந்தவர்தான் அங்கே ஜெயிக்கிறார்.

பெண்களுக்குத் தனிப் பிரிவா? (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

பெரும்பாலும் இல்லை, எல்லோரும் ஒன்றாகத்தான். 1935-ல் கே பீட்ரி என்ற ஐந்தடிகூட இல்லாத பெண், 10.5 லிட்டர் டெலாஜ் காரில் புரூக்லேண்ட்ஸை மணிக்கு 134 மைலுக்கு மேல் சுற்றினார். பெடலுக்குக் கால் எட்ட வைக்கவே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. நம் காலத்தில் ஜேமி சாட்விக், 17 வயதில், 2015-ல் பிரிட்டிஷ் ஜி.டி.யின் ஜி.டி.4 பட்டத்தைத் தன் கூட்டாளியோடு வென்றார்.

நம் ஊர்க்காரர் யாராவது இந்தப் பக்கம் ஓட்டியிருக்கிறார்களா? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 1994-ல் இங்கே ஃபார்முலா ஃபோர்டு என்ற ஒற்றை இருக்கை கார் பந்தயத்தின் குளிர்காலத் தொடரை வென்றவர். அப்புறம் அதற்கு மேற்படியான பிரிட்டிஷ் ஃபார்முலா 3-ல் ஓட்டினார். 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போனது ஜோர்டன் அணியில். அந்தத் தொழிற்சாலை சில்வர்ஸ்டோன் வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. சென்னை கருண் சந்தோக்கும் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 வழியாக வந்தவர்தான். அவர்களுக்கு முந்தைய தலைமுறை பந்தயம் பார்த்த சோழவரமும் போர்க்காலத்து ஓடுதளம்தான்.

எட்டு வயதுப் பையன். கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஓட்ட ஆசைப்படுகிறான். லூயிஸ் ஹாமில்டனின் அப்பா பல வேலை பார்த்து மகனை ஓட்டவைத்தாராமே. நாங்களும் வீட்டின் மேல் கடன் எடுக்கலாமா? (பெற்றோர், லெஸ்டர்)

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஹாமில்டன் எட்டு வயதில் கார்ட்டில் தொடங்கினார், அப்பா ஒரே நேரத்தில் பல வேலை பார்த்தார், எல்லாம் உண்மை. ஆனால் அதே போல உழைத்து, வீட்டையும் இழந்து, மகனிடம் சகஜமாகப் பேசக்கூட முடியாமல் போன ஓர் அப்பாவை எனக்குத் தெரியும். பையன் தோற்ற ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கடன் காருக்குள் அவர்களோடு உட்கார்ந்து வீட்டுக்கு வந்தது.

முதலில் வாடகை கார்ட்டில் ஓட்டட்டும். ஒரு வருடம் கழித்தும் அதே ஆசை இருந்தால் உள்ளூர் கார்ட் கிளப்புக்குப் போய், பழைய கார்ட் வைத்திருக்கும் குடும்பங்களோடு பேசுங்கள். 14 வயதானால் ஆட்டோடெஸ்ட் இருக்கிறது. வயலிலோ காலி நிலத்திலோ கூம்புகளை வைத்து, உங்கள் வீட்டுக் காரையே, பக்கத்தில் ஓட்டுநர் உரிமம் உள்ள பெரியவர் உட்கார ஓட்டலாம். அதற்கான தொடக்கப் போட்டி உரிமத்தை, இந்த விளையாட்டை நிர்வகிக்கும் மோட்டார்ஸ்போர்ட் யு.கே. இலவசமாகவே தருகிறது.

வளர்ந்த பிறகு சர்க்யூட்டுக்கு வர ஆசைப்பட்டால் 750 மோட்டார் கிளப் போன்ற இடங்கள் உண்டு. 1939-ல் குட்டி ஆஸ்டின் செவன் காரை நேசித்தவர்கள் ஆரம்பித்த கிளப். லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் தன் முதல் போட்டிக் காரை ஒரு பழைய ஆஸ்டின் செவனிலிருந்துதான் உருவாக்கினார். பையனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். அதற்குக் கடன் வேண்டாம்.

காசு செலவழிக்காமல் இந்த உலகத்துக்குள் வர வழி உண்டா? (வாசகர், பெட்ஃபோர்டு)

உண்டு, என் வழி. 16 வயது ஆகியிருந்தால் பாதையோர மார்ஷல் ஆகலாம். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை; பயிற்சி நாட்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில், பந்தயம் இல்லாத மாதங்களில் வரும். தீயணைப்பான் பிடிப்பது, கொடிகளின் பொருள், கவிழ்ந்த காரை எப்படி அணுகுவது, எப்போது அணுகக் கூடாது, எல்லாம் சொல்லித் தருவார்கள். உள்ளே பருத்தி அல்லது கம்பளி உடை போடுங்கள். நைலான் தீயில் உருகித் தோலில் ஒட்டிவிடும். சாப்பாடும் பிளாஸ்கும் கையோடு.

கொடி பிடிக்கும் இடத்தில் இருவர் முதுகோடு முதுகு நிற்போம். பின்னால் வேகமான கார் வருகிறது என்று காட்டும் நீலக்கொடிக்காரர், வரும் கார்களைப் பார்த்து நிற்பார். ஆபத்தைக் காட்டும் மஞ்சள் கொடி என்னுடையது. எனக்கு அடுத்து வரும் வளைவில் யாராவது சுழன்று நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஆகவே வரும் கார்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன். ஒரு மழை நாளில், கூடநின்ற பெரியவர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "நான் தோளைத் தட்டினால் திரும்பிப் பார்க்காதே, தடுப்புக்குப் பின்னால் போய்விடு." அன்று மதியம் ஒருமுறை தட்டினார். நான் திரும்பிப் பார்க்காமல் குதித்தேன். ஒரு சிவப்பு கார் தண்ணீரில் வழுக்கி, நாங்கள் நின்ற இடத்துக்கு நேராகத் தடுப்பில் வந்து மோதியது. ஓட்டுநர் தானாகவே இறங்கி நடந்தார். நான் எழுந்து மஞ்சள் கொடியை வீசினேன்.