எல்.இ.டி. ஏன் எரியவில்லை?

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகளுக்குச் சர்க்யூட் செய்து காட்டினேன். ஒரு பென்சில் செல்லில் சிவப்பு எல்.இ.டி. எரியவே இல்லையே?
- வாசகி, கரூர்

பதில்: செல் தருவது 1.5 வோல்ட், எல்.இ.டி.க்கோ சுமார் 2 வோல்ட் வேண்டும். இரண்டு செல்லை ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸைத் தொடும்படி வரிசையாக வைத்து, மின்னோட்டத்தை அளவோடு வைக்கும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, எல்.இ.டி.யின் நீளக் காலை பிளஸ் பக்கம் கொடுங்கள், எரியும். அப்புறம் கால்களை மாற்றிப் போடச் சொல்லுங்கள், எரியாது. ஏன் என்று அவளே கேட்கட்டும், அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். வயருக்கு நடுவே சாவி, ரப்பர், இருபுறமும் சீவிய பென்சில் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். பென்சில் வழியாகவும் எரியும்போது அவள் முகத்தைப் பாருங்கள்! செல்லின் இரு முனைகளையும் வெறும் வயரால் இணைக்க வேண்டாம், சுட்டுவிடும். சுவர் பிளக் பக்கம் போகவே கூடாது.