அடிஸ் அபாபாவில் ஐந்து நாட்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அலுவலகப் பணி நிமித்தம் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குச் சென்று ஐந்து நாட்கள் தங்கித் திரும்பினேன். எத்தியோப்பியா என்றாலே 1984-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் படங்கள்தான் என் மனத்தில் இருந்தன. போய் இறங்கியபோது கண்டவையோ கண்ணாடிக் கட்டடங்களும், நகர ரயிலும், எதிர்பாராத குளிரும். எழுத உட்கார்ந்தால், ஐந்தே நாளில் ஓர் ஊரைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்ற தயக்கம் வந்துவிடுகிறது. நீங்களும் அங்கே சென்றவர் என்பதால் கேட்கிறேன். முதல் பார்வையில் கண்டதை எழுதலாமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

எழுதுங்கள், தள்ளிப்போடாமல் எழுதுங்கள். ஐந்து நாளில் ஒரு நகரத்தை அறிய முடியாது என்பது உண்மையே. ஆனால் நாம் எதையெல்லாம் தவறாக எண்ணிக்கொண்டு போனோம் என்பது அந்த ஐந்து நாளில்தான் தெரியவரும். ஓராண்டு தங்கிவிட்டால், அப்படி எண்ணியிருந்ததே மறந்துபோகும்.

குளிரையே எடுத்துக்கொள்வோம். அந்நகரம் ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில், நம் ஊட்டியைவிடச் சற்று மேலே இருக்கிறது. நான் சென்ற முதல் நாள் மாலையில், தெருவில் பரவிய விறகுப் புகையில் நீலகிரித் தைலத்தின் வாசனை வந்தது. பின்னாளில் பேரரசரான இரண்டாம் மெனலிக்கின் மனைவி தாய்து, என்டோட்டோ மலையடிவாரத்தின் வெந்நீர் ஊற்றுகளை விரும்பி, 1886-இல் அங்கே குடியிருப்பு அமைத்து, 'புதிய மலர்' என்னும் பொருளில் 'அடிஸ் அபாபா' என்ற பெயரை வைத்தார். ஊர் பெருகப் பெருகச் சுற்றியிருந்த காடு அடுப்புக்குப் போயிற்று. விறகுப் பஞ்சத்தால் தலைநகரையே வேறிடத்துக்கு மாற்றும் ஏற்பாடுகூட நடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து விரைவாக வளர்ந்த தைல மரம்தான் ஊரை அங்கேயே நிலைக்கச் செய்தது. நீலகிரியிலும் விறகுத் தேவைக்காகவே வெள்ளைக்காரர்கள் அந்த மரத்தை நட்டார்கள். தம் உயரத்தைவிட நீளமான விறகுக்கட்டை முதுகில் குறுக்காகக் கட்டி, இடுப்பு ஒடியக் குனிந்தபடி என்டோட்டோ சரிவில் இறங்கிவந்த பெண்களை மறுநாள் பார்த்தபோது, முதல் நாள் மாலை வந்த வாசனை எவருடைய முதுகில் இறங்கிவந்தது என்பது எனக்கு விளங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டிய நண்பர், "நாளை இரண்டு மணிக்கு வருகிறேன்" என்று சொல்லிப் போனார். பிற்பகல்தானே என்று நிதானமாக எழுந்து நான் கீழே வந்தபோது, அவர் காலை எட்டு மணியிலிருந்து வாசலில் காத்திருந்தார். விடுதியின் வரவேற்பறையில் இருந்த பெண் தம் கைக்கடிகாரத்தைக் காட்டி விளக்கினார். அங்கே பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, நம் எட்டு மணி இரண்டு மணி. ஜாதகத்தில் 'உதயாதி நாழிகை' என்று சூரியோதயத்திலிருந்து கணக்கிட்டு எழுதும் வழக்கம் உள்ள வீட்டில் பிறந்தவன் நான். அப்படியிருந்தும், உலகம் முழுவதற்கும் என் கடிகாரம் ஒன்றே கணக்கு என்று நம்பிப் போயிருந்தேன். அவர்களுடைய ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். நாம் 2007 செப்டம்பரில் இருந்தபோதுதான் அவர்களுக்கு 2000 பிறந்தது. இவற்றை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஆயினும் ஒரு மனிதரைக் காக்க வைத்த பிறகே அது என் மனத்தில் பதிந்தது.

பஞ்சத்தின் படங்களைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவை பொய்யில்லை; வடக்கே வொல்லோவிலும் திக்ராயிலும் மக்கள் பட்ட துயரத்தின் சாட்சிகள் அவை. ஆனால் 1896-இல் அத்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த நாடு அது என்பதும், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1963-இல் பிறந்தது அந்த நகரத்தில்தான் என்பதும் நம்மில் எத்தனை பேர் மனத்தில் இருந்தன? ஒரு நாட்டின் பசியை மட்டும் இத்தனை ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்தது நம் குறை. அதைத் திருத்துவதாக எண்ணிக் கண்ணாடிக் கட்டடங்களை மட்டும் எழுதினால், அதுவும் அதே குறைதான்.

தள்ளிப்போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பியாசா பகுதியில் மரத் தாழ்வாரங்களோடு நின்ற பழைய வீடுகளை ஒரு மாலை முழுவதும் சுற்றிப் பார்த்தேன். அடுத்த முறை விரிவாக எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். 2024-இல் சாலைப் பணிகளுக்காக அப்பகுதியில் பெருமளவு இடிக்கப்பட்டது. இன்று நினைவிலிருந்து எழுத முயன்றால், அந்தத் தாழ்வாரங்களின் நிறம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆகவே எந்தத் தெரு, எந்த வேளை, யார் என்ன சொன்னார், இஞ்சேரா என்னும் அவ்வூர் அப்பத்தில், சூடாறும் முன் உங்கள் விரலுக்குத் தெரிந்த புளித்த மாவின் மென்மை எப்படியிருந்தது என்பவற்றை அப்படியே எழுதுங்கள். தவறாகப் புரிந்துகொண்ட இடங்களை அடித்துவிடாதீர்கள். மணியைக் குறிப்பிடும் இடங்களில், அது எந்தக் கணக்கின்படி என்பதையும் சேர்த்து எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.