திண்ணையில் இரண்டு பெட்டி – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் சித்தப்பா எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளர். அடகுக்கு வந்த நகைகளில் நான்கு பொட்டலங்களை எடுத்து, வெளியே ஒரு தனியார் அடகுக் கடையில் வைத்துப் பணம் வாங்கியிருக்கிறார். இரண்டு மாதத்தில் மீட்டுத் திரும்ப வைத்துவிட்டார். யாருக்கும் ஒரு குன்றிமணி நஷ்டமில்லை. ஆனாலும் தணிக்கையில் தெரிந்து, பொது ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி என்று வழக்குப் பதிந்துவிட்டார்கள். ஆயுள் தண்டனை வரை உண்டாமே? சித்திக்குத் தூக்கமே இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பது சங்கம், அரசு அல்ல. அவர் எப்படிப் பொது ஊழியர் ஆவார்? சட்டமன்ற உறுப்பினரே பொது ஊழியர் இல்லை என்று தீர்ப்பு இருக்கிறதாம். பெரியவர்களுக்கு ஒரு நீதி, சிறியவர்களுக்கு ஒரு நீதியா? பழைய 409, புதிய 316 என்று ஆளுக்கு ஓர் எண் சொல்கிறார்கள். எது சரி? நீங்கள் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

சட்டம் கேட்டு வரும் கடிதங்களுக்கு ‘நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவது என் வழக்கம். இருபத்தாறு ஆண்டுகள் வழக்குக் கட்டுகளைச் சுமந்த எழுத்தன் நான், வாதாடியவன் அல்ல. உங்கள் கடிதத்தை அப்படி முடிக்க முடியவில்லை. அது வந்த அன்றுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். எங்கள் தெருவில் தபால் ஆபீஸ் இருந்த திண்ணையை இடித்து, கார் ஏறுவதற்குச் சிமெண்டுச் சரிவு போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாக அந்தத் திண்ணைதான் மனதில்.

முதலில் சித்திக்கு. இந்தப் பிரிவு ஒன்று மட்டும்தான் என்றால் வழக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன் நடக்கும். அவர் தம் அதிகாரத்தில் விதிக்கக்கூடிய சிறை மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. அது போதாது என்று தோன்றினால் மேலே அனுப்பலாம். நான் இருந்த காலத்தில் அப்படிப் போனவை ஒன்றிரண்டுதான். ஆயுள் என்பது புத்தகத்தில் இருக்கும் உச்சவரம்பு. சித்தியைத் தூங்கச் சொல்லுங்கள். சித்தப்பா சில நாள் விழித்திருக்கட்டும்.

எண்களைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 409; பின் நடந்தது என்றால் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு, ஐந்தாம் உட்பிரிவு. சட்டை மாறியிருக்கிறது, ஆள் அவனேதான்.

பெரியவர், சிறியவர் பேச்சு தேநீர்க் கடைக்கு நன்றாக இருக்கும். 1979இல் மு. கருணாநிதி வழக்கில், முதலமைச்சரும் அமைச்சர்களும் அரசின் ஊதியம் பெறும் பொது ஊழியர்களே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1984இல், மகாராஷ்டிர முன்னாள் முதலமைச்சர் அந்துலே வழக்கில், பொது ஊழியர் யார் என்று சொல்லும் தண்டனைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் சட்டமன்ற உறுப்பினர் வரமாட்டார் என்றது. ‘அரசு’ என்றால் நிர்வாகம். உறுப்பினர் நிர்வாகத்தின் கையில் சம்பளம் வாங்குகிறவர் அல்ல என்பது காரணம். பிடிக்காவிட்டால் கோபப்படுங்கள், நானும் பட்டிருக்கிறேன். சித்தப்பாவின் நகைப் பொட்டலங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் கேள்விக்கே வருகிறேன். 2000இல் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகள் வழக்கில், அந்த மாநிலக் கூட்டுறவுச் சட்டம் அவர்களைப் பொது ஊழியர் என்று சொன்னபோதும், தண்டனைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் அவர்கள் வரமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வழக்கறிஞர் இதை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஓடட்டும். ஆனால் அந்த 409க்கு வாசல் ஒன்று மட்டும் இல்லை. பொது ஊழியர் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் வங்கியர், வணிகர், தரகர், வழக்கறிஞர், முகவர் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. முன்வாசல் வழியாக வெளியேறுகிறவரைக் கொல்லைவாசலில் பிடிக்கலாம். 1962இல் டால்மியா வழக்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைவரை ‘முகவர்’ என்று பிடித்தார்கள். (அதே சொற்கள் சிங்கப்பூர்ச் சட்டத்திலும் உண்டு. சிட்டி ஹார்வெஸ்ட் தேவாலய வழக்கில், 2018இல், முகவர் என்றால் அதையே தொழிலாகக் கொண்டவர், நிறுவன இயக்குநர் அதில் வரமாட்டார் என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள்.)

இனி, எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு சொல்லைப் பற்றி. நீங்களும் தாண்டிவிட்டீர்கள். ‘பொது ஊழியர் என்ற தகுதியில்’ ஒப்படைக்கப்பட்ட சொத்து என்கிறது சட்டம். உங்கள் கடிதத்தில் ‘சம்பளம் கொடுப்பது யார்’ என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் அதையும் கேட்கும், அதோடு நிறுத்தாது. பொருள் எப்படி அந்தக் கைக்கு வந்தது என்று கேட்கும். தாலுகா அலுவலக எழுத்தர் சக ஊழியர்களிடம் கல்யாண மொய் வசூலித்துச் சாப்பிட்டுவிட்டால், அவர் நூறு சதவீதம் அரசு ஊழியராக இருந்தாலும் அது 409 அல்ல. வெறும் நம்பிக்கை மோசடி.

அந்தத் திண்ணைக்காரர் எங்கள் ஊர்க் கிளைத் தபால் ஆபீஸின் போஸ்ட்மாஸ்டர். முழுநேர உத்தியோகம் இல்லை. மாதம் ஏதோ அலவன்ஸ். திண்ணையின் இடது ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசிய மரப்பெட்டி, தராசு, தேதி முத்திரை. வலது ஓரத்தில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி. அதில் அவர் நடத்திய ஏலச்சீட்டுப் பணம். மாதாமாதம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். தொடர் சேமிப்புக்குப் பத்து ரூபாய், சீட்டுக்கு இருபத்தைந்து. இரண்டையும் அதே மனிதர்தான் வாங்குவார், அதே கையால். ஒன்று இடது பக்கம் போகும், மற்றது வலது பக்கம்.

சீட்டை எடுத்த இரண்டு பேர் கட்டாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்து எடுத்தவருக்குக் கொடுக்கப் பணமில்லை. இவர் சிவப்புப் பெட்டியிலிருந்து தகரப்பெட்டிக்கு மாற்றினார். பாஸ்புத்தகத்தில் முத்திரை குத்தியிருக்கும், ஆபீஸ் கணக்கில் வரவு இருக்காது. ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்து தெருத்தெருவாகப் பாஸ்புத்தகங்களை வாங்கிப் பார்த்தார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் வாக்குமூலம் எழுதினார்.

‘பணத்தை யாரிடம் கொடுத்தீர்கள்?’

‘போஸ்டாபீசில்.’

‘அவர் கையில்தானே?’

‘போஸ்டாபீசில்தான்.’

‘சீட்டுப் பணம்?’

‘அது அவரிடம் கொடுத்தது.’

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அவள் ஐந்தாம் வகுப்பு. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, நீதிமன்றத்தில் ஒரு மத்தியானம் 409ஆம் பிரிவைப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கூடம் நினைவுக்கு வந்து எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அவருடைய வழக்கறிஞரும் உங்களைப் போலவேதான் வாதாடினார். ‘என் கட்சிக்காரர் வெறும் அலவன்ஸ் வாங்குகிறவர், சர்க்கார் ஊழியரே அல்ல.’ எடுபடவில்லை. இத்தகைய கிளைப் போஸ்ட்மாஸ்டர்கள் வகிப்பதும் அரசுப் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே சொல்லிவிட்டது. 21ஆம் பிரிவும் சம்பளம் வாங்குகிறவரோடு நிற்பதில்லை. பொதுக் கடமைக்காக அரசிடம் கட்டணமோ கமிஷனோ பெறுகிறவரையும் சேர்த்துக்கொள்கிறது. இன்னொரு விளக்கமும் அதில் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: நியமனத்தில் என்ன சட்டக் குறை இருந்தாலும் சரி, அந்தப் பதவியில் நடைமுறையில் உட்கார்ந்திருக்கிறவர் பொது ஊழியர்தான். நாற்காலியில் உட்கார்ந்து காசு வாங்கும்வரை வாங்கிவிட்டு, மாட்டிக்கொண்டதும் ‘இது என் நாற்காலியே இல்லை’ என்று எழுந்துகொள்ள முடியாது.

தபால் பணம் ஒன்றரை ஆண்டு கழித்து வட்டியோடு வந்தது. சீட்டுப் பணம் வரவே இல்லை. அதற்காக அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சாட்சி சொல்லிவிட்டு வந்த அன்று இரவு அந்த வீட்டுக்கு ஒரு தூக்கில் குழம்பு கொடுத்தனுப்பினாள். கொண்டுபோனவன் நான். அவர் மனைவி கதவை முழுதாகத் திறக்காமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் காசுமாலையை விற்று, விசாரணை தொடங்குவதற்கு முன்பே சிவப்புப் பெட்டிக் கணக்கை அடைத்திருந்தார். அப்படியும் போஸ்ட்மாஸ்டருக்கு ஆறு மாதம் சிறை கிடைத்தது. ஊருக்கு அது புரியவில்லை. ‘அதுதான் திருப்பிக் கட்டியாயிற்றே?’ என்றார்கள்.

‘மீட்டுத் திரும்ப வைத்துவிட்டார், யாருக்கும் நஷ்டமில்லை’ என்று நீங்களும் எழுதுகிறீர்கள். தம்பி, உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய வரி இதுதான். தற்காலிகமாகக் கையாண்டாலும் கையாடல் கையாடல்தான் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவிலேயே விளக்கம் உண்டு. கூடவே ஓர் எடுத்துக்காட்டு: இன்னொருவருக்குச் சொந்தமான அரசுக் கடன்பத்திரம் ஒருவன் கைக்குக் கிடைக்கிறது, பின்னால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடே அதை வங்கியரிடம் ஈடாக வைத்துக் கடன் வாங்குகிறான். அவன் குற்றம் செய்தான் என்று 1860இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். உங்கள் சித்தப்பாவை முன்னால் உட்காரவைத்து எழுதியதுபோல இருக்கிறது. அடகுக் கடைக்காரன் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தால்? அந்த இரண்டு மாதத்தில் ஒருத்தி மகள் கல்யாணத்துக்கு நகையை மீட்க வந்து நின்றிருந்தால்? நான்கு பொட்டலங்களும் யாருடையவை என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் சித்தி இருக்கிறார், சட்டமன்ற உறுப்பினர்கூட இருக்கிறார். அந்த நான்கு பேரைக் காணவில்லை.

வழக்கறிஞரிடம் போகும்போது சித்தப்பாவின் நியமன ஆணை, சங்கத்தின் துணைவிதிகள், அரசிடமிருந்து சங்கம் நிதியுதவி பெற்றதற்கான தாள்கள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம்: வேளாண்மை, தொழில், வணிகம், வங்கி ஆகியவற்றில் ஈடுபட்டு அரசின் நிதியுதவி பெறும் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவரையும் செயலாளரையும் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் நேரடியாகவே பொது ஊழியர் என்கிறது. அந்தச் சட்டத்தையும் சேர்த்தால் வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். மாஜிஸ்திரேட்டைப் பற்றி நான் மேலே சொன்னது பிறகு பொருந்தாது. குற்றப் பத்திரிகையில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதைச் சித்தியிடம் இப்போது சொல்ல வேண்டாம்.