காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் டர்போ கார்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் தகராறு, பிறகு ஒன்றுமில்லை. கூடவே ஒருவர் கேட்கிறார், கொழும்பில் குளிர் எங்கே இருக்கிறது, ‘கோல்ட் ஸ்டார்ட்’ பிரச்சினை வர? எஞ்சினுக்குக் குளிர் என்றால் பனி கொட்ட வேண்டியதில்லை. ஓடும்போது 90 பாகையில் இருப்பது, இரவு முழுக்க நின்று விடியும்போது 26 பாகைக்கு வந்துவிடுகிறது. அதுவே அதற்குக் குளிர்தான். பெற்றோல் சரியாக ஆவியாகாது, ஒயில் தடிப்பாக இருக்கும், புகையை முகர்ந்து பெற்றோல் அளவு சரியா என்று சொல்லும் ஒக்சிஜன் சென்சர் இன்னும் விழித்திருக்காது. அந்த இரண்டு நிமிடத்துக்கு எஞ்சின் கம்ப்யூட்டர் ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடக் கணக்கில்தான் வண்டியை ஓட்டுகிறது.

கேள்வி (வத்தளை): அண்ணா, என்னுடையது ஜப்பானில் ஓடி வந்த 1,000 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ. 78,000 கிலோமீட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அரை நிமிடம் குலுங்குகிறது, எஞ்சின் லைட் மினுங்குகிறது. பிறகு பட்டுப்போல் ஓடும். பிளக் மாற்றியாகிவிட்டது. இப்போது டர்போ போய்விட்டது என்கிறார்கள். மாற்றவா?

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. வண்டி நின்றபடி ஐட்லிங்கில் இருக்கும்போது டர்போவுக்கு வேலையே இல்லை. அப்போது இன்டேக் (காற்று உள்ளே போகும்) பக்கம் இருப்பது வெற்றிடம். காற்றை யாரும் அழுத்தித் தள்ளுவதில்லை. டர்போ பழுதானால் ஏற்றத்தில் இழுக்காது, ஊளைச் சத்தம் வரும், ஒயில் குறையும், புகைக்கும். நின்ற இடத்தில் அரை நிமிடம் குலுங்கிவிட்டு நல்ல பிள்ளையாக அடங்காது.

லைட் மினுங்குவது ‘மிஸ்ஃபயர்’. ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் வெளியே போகிறது. அது புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் போய் எரிந்தால் அந்தச் செலவு தனி. ஆகவே மினுங்கும்போது அக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள்.

முதலில் ஸ்கேனரில் கோட் (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பிழை எண்) பாருங்கள். பி0301, பி0302, பி0303 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். இரண்டாவது என்று காட்டினால், அதன் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலைக் கழற்றி ஒன்றாவதில் போடுங்கள், ஒன்றாவதை இரண்டில் போடுங்கள். அடுத்த நாள் காலையில் கோட் பி0301 என்று இடம் மாறினால் கொயில்தான் கள்ளன். இதற்கு ஒரு ரூபாவும் செலவில்லை.

கோட் அசையவில்லையா? அந்தப் ‘புதுப் பிளக்’ஐக் கழற்றிப் பாருங்கள். டர்போ எஞ்சினுக்குப் பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர் இடைவெளி. அதே பருமன், அதே மரையில் டர்போ இல்லாத எஞ்சினுக்கான பிளக்கும் வருகிறது, அதன் இடைவெளி 1.0, 1.1. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அவசரத்தில் வாங்கினால் பெட்டி இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெட்டியைப் பார்க்காமல் நம்பரைப் பார்த்து வாங்குங்கள்.

அதுவும் சரி என்றால் எனக்கு வரும் சந்தேகம் கரி. உங்கள் எஞ்சின் டைரக்ட் இஞ்செக்‌ஷன் வகையா என்று பாருங்கள் (எல்லா 1,000 சிசி டர்போவும் அப்படியில்லை). அந்த வகையில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. பழைய முறையில் இன்டேக் வால்வின் முதுகில் விழுந்து அதைக் கழுவிக்கொண்டு போன பெற்றோல் இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை. எஞ்சினின் ஒயில் ஆவி மட்டும் வந்து படிந்து காய்கிறது. சென்ற மாதம் இதே கதையோடு வந்த ஒரு காரின் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, சின்னக் கமராவை விட்டுப் பார்த்தோம். வால்வின் முதுகு, குழம்பு அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது. சுரண்டினால் கட்டி கட்டியாக வந்தது. சூடான எஞ்சின் இதைச் சமாளித்துவிடும். ஆனால் ஸ்டார்ட் ஆன முதல் அரை நிமிடத்தில், கன்வேர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காகக் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கை வேண்டுமென்றே தாமதிக்கிறது. எரிதல் ஏற்கெனவே நொண்டுகிற நேரம். அதில் காற்று வழியும் கோணலானால் குலுங்காமல் என்ன செய்யும்?

டாங்கில் ஊற்றும் போத்தல் மருந்து இதற்கு உதவாது. பெற்றோலே போகாத இடத்துக்கு அது மட்டும் எப்படிப் போகும்? மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வை மூடிய நிலையில் வைத்து, ஊறவிட்டுச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் வேலை. டர்போ மாற்றுவதோடு பார்த்தால் அது செலவே இல்லை.

கேள்வி (வெள்ளவத்தை): பிள்ளைகளைப் பாடசாலையில் விடத்தான் கார். போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று. டிப் ஸ்டிக்கில் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது! காலையில் ஸ்டார்ட் செய்தால் பெற்றோல் வாடையும் வருகிறது.

பதில்: அக்கா, கூடுவது ஒயில் இல்லை, பெற்றோல். குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெற்றோல் ஊட்டும். அதில் ஒரு பங்கு ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலில் கலக்கிறது. நீண்ட தூரம் ஓடினால் ஒயில் சூடேறி, கலந்தது ஆவியாகி வெளியேறிவிடும். காலி வீதி நெரிசலில் மூன்று கிலோமீட்டர் ஊர்ந்தால் ரேடியேட்டர் தண்ணீர் சூடாகும், ஒயில் சூடாகாது. ஒயில் எப்போதும் பின்தங்கித்தான் சூடேறும்.

இது கற்பனை நோய் இல்லை. ஹோண்டாவின் 1.5 லீட்டர் டர்போவில் இதே விடயம் பெரிதாகி, 2018இல் சீனாவில் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அங்கே காரணம் கடும் குளிரும் குறுகிய ஓட்டமும். நமக்குக் குளிர் இல்லை, குறுகிய ஓட்டம் தாராளமாக இருக்கிறது.

சரி, என்ன செய்வது? ஒயில் மாற்றும் தூரத்தைப் பாதியாக்குங்கள். 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. கிழமைக்கு ஒரு நாளாவது கட்டுநாயக்கப் பக்கம் அதிவேகப் பாதையில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். டிப் ஸ்டிக்கை எப்போதும் ஒரே சமதளத்தில், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பாருங்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளச் சரிவில் பார்த்தால் கணக்குத் தப்பும். மேல் குறியைத் தாண்டி நன்றாக ஏறியிருந்தால் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். பெற்றோல் கலந்த ஒயில் மெலிந்துவிடும், நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுழலும் டர்போ தண்டு அந்த மெல்லிய ஒயிலின் மேல்தான் மிதக்கிறது.

புது ஒயில் ஊற்றி, ஓட்டத்தையும் மாற்றிய பிறகும் ஏறினால் இரண்டைச் சோதிக்க வேண்டும். ஒன்று, பெற்றோலைத் தெளிக்கும் இஞ்செக்டர் ஒழுகுகிறதா. மற்றது, சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி இறுகியிருக்கிறதா. நெடுஞ்சாலையில்கூட ஸ்கேனரில் தண்ணீர்ச் சூடு 70ஐத் தாண்டவில்லை என்றால் இரண்டாவது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): காலையில் எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும்? அப்பா பத்து நிமிடம் என்கிறார்.

பதில்: அப்பாவின் காலத்துக் காபரேட்டர் காருக்கு அவர் சொன்னது சரி. இப்போது இருபது, முப்பது விநாடி போதும். பிறகு மெதுவாகப் புறப்படுங்கள், சூட்டு முள் நகரும்வரை 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் போகாதீர்கள். நின்றபடி பத்து நிமிடம் ஓடவிட்டால் மேலே அக்கா கேட்ட வருத்தம்தான் வரும். அயலவரின் நித்திரையும் கெடும்.

கேள்வி (தெஹிவளை): முதல் ஐந்து நிமிடம் பிக்கப் இல்லை. பிறகு பறக்கிறது.

பதில்: பெரும்பாலும் அது நோயே இல்லை. பல கார்களில் எஞ்சின் சூடாகும்வரை கம்ப்யூட்டரே டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி வைக்கும். சிவிடி கியரும் அப்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். புதிதாக வந்த மாற்றம் என்றால் மட்டும் காட்டுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை, மரைன் டிரைவ்): சின்னப் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி போனில் பார்க்கிறேன். ஆயிரம் எண்கள் ஓடுகின்றன. காலையில் ஸ்டார்ட் ஆனதும் திணறி நிற்கிறது, இரண்டாம் முறை நின்றுபிடிக்கிறது. கோட் எதுவும் இல்லை. எதைப் பார்ப்பது?

பதில்: நல்ல காசு செலவழித்திருக்கிறீர்கள், உண்மையாகச் சொல்கிறேன். ஆயிரம் எண்ணில் மூன்றுதான் வேண்டும், அதையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டும். இக்னிஷனை மட்டும் போடுங்கள்.

தண்ணீர்ச் சூடும் உள்வரும் காற்றின் சூடும் இரவு முழுக்க நின்ற வண்டியில் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே 26 என்றால் இரண்டும் 26, 27, 28. ஐந்து பாகைக்கு மேல் பிரிந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. மூன்றாவது மேப் சென்சர், இன்டேக் பக்கக் காற்றழுத்தத்தை அளப்பது. எஞ்சின் ஓடாதபோது அது சும்மா வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் 100, 101 கிலோபாஸ்கல். 90 என்று காட்டினால் சென்சரைச் சந்தேகியுங்கள். (அதே காரை நுவரெலியாவில் பார்த்தால் 80ஐ ஒட்டி வரும், பயப்படாதீர்கள்.)

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், உங்கள் தெருவில் இருந்தே ஒரு கார் போன வருடம் வந்தது. இதே திணறல். பிளக், கொயில், பெற்றோல் பம்ப் எல்லாம் வேறு இடத்தில் மாற்றியிருந்தார்கள். காலை ஆறரைக்கு இக்னிஷனைப் போட்டுப் பார்த்தால் காற்று 27, தண்ணீர் 58! இரவெல்லாம் நின்ற எஞ்சினில் 58 எங்கிருந்து வரும்? கம்ப்யூட்டர் அதை நம்பி, ‘எஞ்சின் பாதி சூடு, கூடுதல் பெற்றோல் தேவையில்லை’ என்று முடிவெடுத்திருக்கிறது. அந்த எண் நடக்கக்கூடிய எண் என்பதால் கோட்டும் போடவில்லை. சென்சரின் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே இரண்டு கம்பிக் கால்களுக்கும் நடுவே பச்சைக் களிம்பு. கடல் காற்றின் உப்பும், கழுவும்போது பொனட்டுக்குள் அடித்த தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை. சுத்தம் செய்து மாட்டியதும் 27க்கு வந்தது. மரைன் டிரைவ் பக்கம் காரை வெளியே நிறுத்துகிறவர்கள் எஞ்சினுக்குள் பிரஷர் தண்ணீர் அடிக்கச் சொல்லாதீர்கள்.

உங்களுக்கு மூன்று எண்ணும் சரியாக வந்தால், ஸ்டார்ட் செய்து சூடான பிறகு ஃபியூவல் டிரிம் (கம்ப்யூட்டர் பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற எண்) பாருங்கள். ஐட்லிங்கில் நீண்டகால டிரிம் கூட்டல் 10க்கு மேல் நின்றால் எங்கோ கள்ளக் காற்று உள்ளே போகிறது, அல்லது பெற்றோல் அழுத்தம் குறைவு. விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ்கள் குளிரில் கசிந்து, சூட்டில் ஊதி அடைத்துக்கொள்வதும் உண்டு.

கேள்வி (கிருலப்பனை): காலையில் ஆறு, ஏழு விநாடி சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது. பகலில் தொட்டவுடன் ஸ்டார்ட். பற்றரி புதிது.

பதில்: நாளைக் காலை ஒன்று செய்யுங்கள். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி இக்னிஷனுக்கு வந்து, மூன்று விநாடி விட்டு அணையுங்கள். இதையே இரண்டு, மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், இரவில் பெற்றோல் லைனின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். டாங்குக்குள் இருக்கும் பம்பின் ஒருவழி வால்வு கசியலாம். அல்லது ஒரு இஞ்செக்டர் இரவெல்லாம் சொட்டலாம். இரண்டாவது என்றால் காலையில் கழற்றும் ஒரு பிளக் மட்டும் ஈரமாக, பெற்றோல் மணக்க வரும்; ஸ்டார்ட் ஆனதும் ஒரு வாய் கறுப்புப் புகையும் வரலாம்.

டாங்கைக் காலியாக வைத்து ஓட்டும் பழக்கம் உண்டா? அந்தப் பம்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெற்றோல்தான். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் கடைசித் துளிவரை ஓட்டியவர்கள் நாம் எல்லோரும். இப்போதாவது கால் டாங்கில் நிரப்புங்கள்.

கேள்வி (மட்டக்குளி): முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை ஒரு பந்து, பிறகு இல்லை. டர்போவா?

பதில்: ஒரு பந்து வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். இரவில் சீலைத் தாண்டி இறங்கிய ஒயில் முதல் சுற்றில் எரிகிறது. டர்போ சீல் என்றால் நெரிசலில் சிறிது நேரம் நின்றுவிட்டு மிதிக்கும்போது புகைக்கும், டர்போ காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினால் ஒயில் தேங்கி நிற்கும். மெல்லிய ஈரப்பூச்சு இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். வெள்ளை ஆவி சிறிது வந்து மறைந்தால் சைலன்சரில் தேங்கிய தண்ணீர்; கூலன்ட் குறைந்துகொண்டே போனால் மட்டும் கவலை.

கேள்வி (வான் சாரதி, மருதானை): டீசல் டர்போ வான். கொழும்பில் ஒரு குறையும் இல்லை. நுவரெலியாவுக்கு ஹயர் போனால் காலையில் ஸ்டார்ட் ஆக உயிர் போகிறது, வெள்ளைப் புகை. பயணிகள் முன் வெட்கமாக இருக்கிறது அண்ணே.

பதில்: குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குவது) செத்திருக்கும். கொழும்பின் 26 பாகையில் அது இல்லாமலே எஞ்சின் பிடித்துவிடுவதால், செத்து எத்தனை வருடமானது என்றுகூடத் தெரியாது. நுவரெலியாவில் விடியற்காலை 10 பாகைக்கு இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அந்த வெள்ளைப் புகை எரியாத டீசல். ஒவ்வொரு பிளக்கையும் வயரைக் கழற்றி மீற்றரில் ஓம் பாருங்கள். நல்லது ஒரு ஓமுக்குக் கீழேயோ அதை ஒட்டியோ காட்டும், செத்தது ஒன்றும் காட்டாது. நாலும் நன்றாக இருந்தால் ரிலேயைப் பாருங்கள். கழற்றும்போது எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கட்டும். குளிரில் முறுக்கினால் உடைந்து ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி (வத்தளை, மறுபடியும்): சரி அண்ணா, ஞாயிறு பதினொரு மணிக்குக் காரை ஓட்டிக்கொண்டு வரட்டுமா?

பதில்: வத்தளையில் இருந்து ஓட்டிக்கொண்டு வந்தால் சூடாகி, சுகமாகித்தான் வரும். நான் எதைப் பார்ப்பது? சனி பின்னேரம் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாவியைத் தந்துவிட்டு த்ரீவீலில் போங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை நான் செய்கிறேன்.