பாலைவன 'இரவு ராணி' கள்ளியைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் வளரும் கள்ளி இது. கோடையில் பூக்கும்; ஒவ்வொரு பூவுக்கும் ஒரே இரவுதான் ஆயுள்.

மற்ற நாட்களில் பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. சாம்பல் பூத்த மெல்லிய தண்டு, புதருக்குள் காய்ந்த சுள்ளியோடு சுள்ளியாக நிற்கும். நீரையும் உணவையும் மண்ணுக்கடியில் பெரிய கிழங்கில் சேர்த்துவைப்பதால், மேலே பருத்த உடம்பு தேவையில்லை. இலை காய்ந்தபின் சேனை எங்கே கிடக்கிறதென்று தோட்டக்காரருக்கே தெரியாதே, அப்படித்தான்.

இருட்டில் மணத்தைப் பின்தொடர்ந்து போய், அந்தச் சுள்ளி நுனியில் உள்ளங்கை அகல வெள்ளைப் பூவைப் பார்ப்பது பெரும் பேறு! அந்துப்பூச்சிகளும் அந்த மணத்தைத் தேடித்தான் வருகின்றன. இதே கள்ளியின் இன்னொரு செடியிலிருந்து மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும்.

நம் வீடுகளில் 'பிரம்மகமலம்' என்று வளர்க்கும் இரவுப்பூ இதுவல்ல. அது மழைக்காட்டு மரங்களில் தொற்றி வளரும் வேறொரு கள்ளி.