தெருவுக்கே கேட்கும்படி நாக்கு வழிக்க வேண்டுமா?

பல் டாக்டர் பதில்கள்

டாக்டர் அம்மா, என் வீட்டுக்காரர் காலையில் கொல்லைக் குழாயடியில் நின்று நாக்கு வழித்தால் ஓங்கரிக்கிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கிறது. இரண்டு விரலைத் தொண்டை வரை விட்டு, மஞ்சளாகக் கொஞ்சம் வெளியே வந்தால்தான் ‘கபம் போச்சு’ என்று உள்ளே வருகிறார். இது நல்லதா?
- வாசகி, மன்னார்குடி

உங்கள் வீட்டில் மட்டுமா அம்மா! எங்கள் கும்பகோணத்தில் விடிகாலையில் தெருவில் நடந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு இந்தக் கச்சேரிதான். அவர் வெளியே எடுப்பது கபம் இல்லை. மார்ச்சளி இருமினால் வரும். விரலை விட்டால் வருவது வயிற்று அமிலமும் பித்தநீரும்; அந்த மஞ்சள் பித்தத்துடையது. அமிலம் தினமும் பட்டுக்கொண்டே இருந்தால் மேல் முன்பற்களின் உள்பக்க எனாமல் கரைந்துவிடும். பல் கூச்சம் என்று வருகிற ஆண்களின் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்ததுமே, “காலையில விரல் விடுவீங்களா?” என்று கேட்டுவிடுவேன். எனக்கு எப்படித் தெரிந்தது என்று விழிப்பார்கள்.

மற்றபடி நாக்கு வழிப்பது நல்ல பழக்கம், விடவேண்டாம். வாய் நாற்றம் பெரும்பாலும் நாக்கின் பின்பாதியில்தான் உண்டாகிறது. அங்குள்ள நுண்ணிய மொட்டுகளுக்கு நடுவே உதிர்ந்த செல்களும் உணவுத் துணுக்கும் தங்கும். காற்றுப் படாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்களை விடும். அழுகிய முட்டை வாடை அதனுடையதுதான். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் காலையில் வாடை தூக்கலாக இருக்கும்.

முதலில் பல் துலக்கட்டும். பிறகு நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை மெல்ல வெளியே விட்டபடி, டங் கிளீனரைப் பின்னாலிருந்து முன்னால் இழுக்க வேண்டும். மூன்று நான்கு இழுப்பு போதும், ஒவ்வொரு தடவையும் கழுவிக்கொண்டு. தோசைக்கல் சுரண்டுகிற மாதிரி சுரண்டினால் நாக்கு எரியும், ரத்தம் கசியும். குமட்டுகிற இடம் வந்தால் அதற்குச் சற்று முன்னாலேயே ஆரம்பிக்கலாம்; பழகப் பழகக் குமட்டல் குறையும். ஸ்டீலா, செம்பா, பிளாஸ்டிக்கா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். எதுவானாலும் சரி, விளிம்பில் பிசிர் இருக்கக் கூடாது. என் பாட்டி தென்னை ஈர்க்கை இரண்டாகக் கிழித்து வளைத்துத்தான் வழிப்பாள்.

நாக்கின் பின்பக்கம் வரிசையாக உருண்டை உருண்டையாகக் கட்டிகள்! செல்போன் டார்ச் அடித்துப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. கேன்சரா டாக்டர்?
- வாசகர், ஓசூர்

நிம்மதியாகத் தூங்குங்கள். ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் ஏறக்குறைய பத்து உருண்டைகள் இருக்குமே, அவை சுவை மொட்டுகளைத் தாங்குகிறவை. எல்லார் நாக்கிலும் உண்டு, என் நாக்கிலும்தான்.

டார்ச் அடிப்பதானால் நாக்கின் இரண்டு ஓரங்களிலும் அடிப்பக்கத்திலும் அடியுங்கள். நாக்குப் புற்று அதிகம் வருகிற இடம் ஓரம். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, தடிப்பு இருந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும். உடைந்த பல் நாக்கில் உரசிக்கொண்டிருந்தால் அதையும் சரிசெய்துவிடுங்கள். புகையிலை பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. “வெறும் சீவல்தானே போடுறேன்” என்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலக்காத பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-ல் அறிவித்துவிட்டது. வெற்றிலைக்குப் பேர்போன ஊர்க்காரி சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்குச் சுகர் உண்டு, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரும் எடுக்கிறேன். நாக்கில் வெள்ளையாகப் படிகிறது. வழித்தால் அடியில் சிவந்து எரிகிறது.
- வாசகி, கோவில்பட்டி

கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கலாம். வழித்து வழித்துப் புண்ணாக்காமல் நேரில் காட்டி மருந்து வாங்குங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால், இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இதைப் பல பேர் செய்வதே இல்லை. சுகரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றி வையுங்கள்.

நாலு மாதக் குழந்தை. நாக்கில் வெள்ளையாக இருக்கிறது என்று மாமியார் தேன் தடவித் துணியால் தேய்க்கிறார். தேய்க்கலாமா?
- வாசகி, பெரம்பலூர்

பால் படிந்த வெள்ளை என்றால், சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றி மெதுவாகத் துடைத்தாலே போய்விடும். துடைத்தும் போகாமல் கன்னத்தின் உட்புறத்திலும் இருந்தால் அது பூஞ்சை. தாய்ப்பால் கொடுக்கிறவர் என்றால் குழந்தைக்கும் உங்களுக்கும் சேர்த்து மருந்து தேவைப்படலாம். குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். தேன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். மாமியாரிடம் நீங்கள் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். டாக்டர் அம்மா சொன்னதாகப் பத்திரிகையைக் காட்டிவிடுங்கள்.