பழைய பிஎஸ்4இல் ரக்னரோக்: வாசகர் கேள்வி – பதில்

‘கோட் ஒஃப் வோர் ரக்னரோக்’ என்ற வீடியோ விளையாட்டு 2022 நவம்பர் 9ஆம் திகதி சோனியின் பிளேஸ்டேஷன் பெட்டிகளான பிஎஸ்5க்கும் பிஎஸ்4க்கும் ஒன்றாக வெளிவந்தது. திருகோணமலை மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவை. எல்லாவற்றிலும் ஒரே பயம்: பழைய பிஎஸ்4 பெட்டி தாங்குமா? தாங்கும். பெட்டியைக் கொல்வது விளையாட்டு அல்ல. இடமின்மை, வெப்பம், உப்பு, மின்வெட்டு என்ற நான்குதான்.

என்னிடம் 2014இல் வாங்கிய 500 ஜிபி பிஎஸ்4 இருக்கிறது. 120 ஜிபி காலியாக்கி வைத்தும் ரக்னரோக்கின் அப்டேட்டுக்கு இடம் போதாது என்கிறது. பிஎஸ்5இல் உள்ள முழு விளையாட்டும் இதில் வருமா?
— வாசகர், உப்புவெளி

முழுதும் வரும். கதையிலோ உலகங்களிலோ சண்டைகளிலோ ஒன்றும் வெட்டப்படவில்லை. சாதாரண பிஎஸ்4இல் 1080பி தெளிவில், நொடிக்கு 30 சட்டகத்தில், அதாவது 30 படங்களாக, ஓடும். பிஎஸ்4 புரோ வைத்திருப்பவர்களுக்குத் தெளிவா வேகமா என்று தெரிவுசெய்யும் வசதி உண்டு. வெப்பம் பிரச்சினையானால் அவர்கள் தெளிவு முறையையே வைத்திருக்கட்டும். 30இல் பூட்டப்பட்டிருப்பதால் பெட்டி அலைக்கழியாது.

இனி இடம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் நீங்கள் பாவிக்கக் கூடியது ஏறத்தாழ 408 ஜிபிதான். பிஎஸ்4 பதிப்பு 100 ஜிபிக்கு மேல். அதனால்தான் அது இரண்டு டிஸ்க்குகளில் வருகிறது: டேட்டா டிஸ்க்கை முதலில் போட்டு ஏற்ற வேண்டும், பிறகு பிளே டிஸ்க்கைப் போட்டு, அதையே ஒவ்வொரு முறையும் உள்ளே வைத்து விளையாட வேண்டும். பாவித்த டிஸ்க் வாங்குகிறவர்கள் கவருக்குள் இரண்டும் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். பிளே டிஸ்க் மட்டும் உள்ள கவர் அரைக்காசுக்கும் உதவாது.

அப்டேட் வரும்போது பிஎஸ்4 பழைய கோப்புகளின் மேலேயே எழுதுவதில்லை. பக்கத்தில் புதிதாக நகலெடுத்து, அது முடிந்த பிறகுதான் பழையதை நீக்கும். ஆகவே விளையாட்டின் அளவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு இடம் தற்காலிகமாக வேண்டும். உங்கள் 120 ஜிபி அங்கேதான் மாட்டுகிறது. 220 முதல் 250 ஜிபி வரை காலியாக்கிவிட்டுத் தொடங்குங்கள். முடியாவிட்டால் யூஎஸ்பி 3.0 வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி மற்ற விளையாட்டுகளை அதற்கு நகர்த்தலாம். அது 250 ஜிபிக்குக் குறையக் கூடாது. ஹப் இல்லாமல் நேரே செருக வேண்டும்.

வீடு கடற்கரைக்கு மிகக் கிட்ட. விளையாடத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் விசிறி ஹெலிகொப்டர் போல இரைந்து, ‘அதிக சூடு’ என்ற செய்தியோடு பெட்டி நின்றுவிடுகிறது. ஆடி மாதத்தில்தான் மோசம். புளோவர் அடித்தும் குறையவில்லை.
— வாசகர், நிலாவெளி

கச்சான் காற்று வீசும் நாட்களில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டிவிடும். பெட்டி குளிர்வதற்காக உள்ளே இழுக்கும் காற்றே சூடு. அதோடு உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து, தூசைப் பசையாக்கி, சிப்பின் சூட்டை வெளியேற்றும் வெப்பத்தகட்டின் மெல்லிய இடுக்குகளில் ஒட்டவைக்கும். புளோவர் உலர்ந்த தூசுக்கானது. இந்தப் பசையை அது அசைக்காது. தூரிகையும் திரவமும் வேண்டும்.

நீங்கள் மாதிரி எண் எழுதவில்லை. முதல் தலைமுறைப் பெட்டி (சீயூஎச்-1000, 1100) என்று எடுத்துக்கொண்டு சொல்கிறோம். மின் வயரைக் கழற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். பின்பக்கத்தில் நான்கு ஆணிகள் இருக்கும். சில ஸ்டிக்கருக்குக் கீழே மறைந்திருக்கும். அதற்கு நடுவில் துளையுள்ள டி8 டொர்க்ஸ் முனை தேவை. சாதாரண நட்சத்திர முனையால் முயன்றால் ஆணியின் தலை தேய்ந்து, அதன் பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். பெட்டியைக் கவிழ்த்து, கீழ் மூடியைப் பின்பக்கமிருந்து தூக்கினால் விசிறியும் மின்வழங்கியும் தெரியும். மின்வழங்கியின் ஆணிகளையும் மெயின்போர்ட்டுக்குப் போகும் வயரையும் கழற்றி, நேர் மேலே தூக்குங்கள். அது கீழே ஊசிகளில் செருகியிருக்கிறது. சரித்து இழுத்தால் ஊசி வளையும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்னேற்றம் நிற்கும்.

இப்போது வெப்பத்தகடு தெரியும். ஓரங்குல மெல்லிய பெயின்ட் தூரிகையை 99 வீத ஐஸோபுரோப்பைல் அல்கஹோலில் தோய்த்து, இடுக்குகள் ஓடும் திசையிலேயே தடவுங்கள். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட் இதற்கு ஆகாது. அதில் நீர் உண்டு. விசிறி இதழ்களைத் துடைக்கும்போது ஒரு விரலால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். புளோவர் காற்றில் சுழலவிட்டால் அது மின்னை உற்பத்திசெய்து மெயின்போர்ட்டுக்கு அனுப்பும், பெயரிங்கும் கெடும். முக்கால் மணித்தியாலம் உலரவிட்டு மூடுங்கள்.

இதற்குப் பிறகும் இரைந்தால், சிப்பிலிருந்து வெப்பத்தகட்டுக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. பத்து வருடப் பெட்டியில் அது இயல்பு. அதை மாற்ற மெயின்போர்ட் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். முன்பு செய்திராதவர்கள் திருத்துநரிடம் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது மெமரி சிப்களின் தெர்மல் பேட்கள் கிழிந்திருந்தால் அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். பலர் பேஸ்ட்டை மட்டும் பூசிவிட்டுக் காசு வாங்குகிறார்கள்.

ரீவி அலுமாரிக்குள் பெட்டியை வைத்திருந்தால் மேலே சொன்ன அத்தனையும் வீண். பின்னால் 10 சென்ரிமீற்றராவது இடைவெளி விடுங்கள். சூடான காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியேறுகிறது. தேநீர் குடிக்க எழும்பும்போது பிஎஸ் பொத்தானை அழுத்தி முகப்புத் திரைக்கு வந்துவிடுங்கள். 2018இல் வந்த முந்திய பாகத்தில் வரைபடத் திரையைத் திறந்தாலே விசிறி கூடும் என்பது ஊரறிந்த முறைப்பாடு.

கரண்ட் போய் வந்த பிறகு பெட்டி கருந்திரையிலேயே நிற்கிறது. 80 மணித்தியாலச் சேமிப்பு போய்விட்டதா? யூபிஎஸ் எது வாங்கலாம்?
— வாசகர், லிங்கநகர்

பெரும்பாலும் போயிருக்காது. கொன்ட்ரோலரை யூஎஸ்பி வயரால் இணையுங்கள். வயர் இல்லாமல் இந்த முறையில் வேலை செய்யாது. அணைந்த நிலையில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரு பீப் ஒலிக்கும். ஏறத்தாழ ஏழு நொடியில் இரண்டாவது பீப் வரும். அப்போது விடுங்கள். வரும் பட்டியலில் 5ஆம் இலக்கம், அதாவது தரவுத்தளத்தை மீளமைத்தல். அது சேமிப்புகளை அழிக்காது. 6உம் 7உம் எல்லாவற்றையும் துடைத்துவிடும், அந்தப் பக்கம் போகாதீர்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்திருந்தால் மீளமைப்பு மணிக்கணக்கில் ஓடலாம். இடையில் அணைக்க வேண்டாம்.

முதல் தலைமுறை பிஎஸ்4 இப்படியான விளையாட்டில் ஏறத்தாழ 150 வோட் இழுக்கும். 32 அங்குல எல்ஈடி ரீவிக்கு இன்னும் 50. ஆக 200 வோட். 650 விஏ யூபிஎஸ் (360 வோட் வரை) இதைத் தாங்கும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி: கணக்குப்படி 84 வோட்-மணி. இவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது பாதியளவுதான் கைக்கு வரும். பத்து நிமிடம் கிடைக்கும். சேமித்து ஒழுங்காக அணைக்க அது தாராளம், விளையாட்டைத் தொடர அல்ல. ஓய்வு முறையில் விட்டுவிட்டுத் தூங்குவதையும் நிறுத்துங்கள். அந்த நிலையில் கரண்ட் போனாலும் சேதம் ஒன்றே. இலங்கையின் 230 வோல்ட் பெட்டிக்குச் சரியானதே. ஆனால் கரண்ட் திரும்பும் கணத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்பதால் அதுவரை பிளக் கழற்றியே இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் உண்மையாகவே வித்தியாசம் தெரியுமா?
— வாசகர், தம்பலகாமம்

தெரியும். சட்டக வேகம் கூடாது. ஆனால் செத்துப் பிழைத்த பின் மீண்டும் தொடங்கும் காத்திருப்பும், தூரத்துப் பாறைகள் மங்கலாக நின்று பிறகு தெளிவாவதும் நன்றாகக் குறையும். பெட்டியோடு வந்த 5400 சுற்று ஹார்ட் டிஸ்க் இத்தனை வருடத்தில் களைத்திருக்கும். விலையுயர்ந்த எஸ்எஸ்டி தேவையில்லை. பிஎஸ்4இன் இணைப்பே அதன் வேகத்தைக் கட்டிப்போடும். 2.5 அங்குல சாட்டா, 1 டிபி, உயரம் 9.5 மில்லிமீற்றருக்கு மேற்படாதது போதும்.

முதலில் விளையாட்டில் வென்ற கோப்பைகளை (ட்ரோஃபி) இணையத்தில் ஒத்திசையுங்கள். பிறகு செட்டிங்ஸில் சேமிப்புத் தரவு முகாமைத்துவத்துக்குப் போய்ச் சேமிப்புகளை யூஎஸ்பிக்கு நகலெடுங்கள். இன்னொரு யூஎஸ்பியை எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபற் முறையில் ஃபோர்மட் செய்து, ‘பிஎஸ்4’ என்ற கோப்புறை, அதற்குள் ‘அப்டேட்’ என்ற கோப்புறை (இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்), அதற்குள் சோனியின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பு. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: தளத்தில் இரண்டு கோப்புகள் உண்டு. புதிய டிஸ்க்குக்கு வேண்டியது மீள்நிறுவல் கோப்பு. அது 1 ஜிபி அளவில் இருக்கும். அதில் பாதியளவான அப்டேட் கோப்பைப் போட்டால் பெட்டி ஏற்காது. டிஸ்க்கை மாற்றியபின், லிங்கநகர் வாசகருக்குச் சொன்ன அதே பட்டியலில் இப்போது 7ஆம் இலக்கம்.

எதிரி அடிக்கும்போது கொன்ட்ரோலரின் எல்1 பொத்தானை அழுத்தித் தடுக்கப் பார்க்கிறேன், எப்போதும் பிந்துகிறது. கை மெதுவா, பெட்டி மெதுவா?
— வாசகர், மூதூர்

ரீவி மெதுவாக இருக்கலாம். படத்தை மெருகூட்டும் வேலைகளைச் செய்துவிட்டுத்தான் அது காட்டுகிறது. 30 சட்டகத்தில் ஏற்கெனவே உள்ள தாமதத்தோடு அதுவும் சேரும். ரீவியின் பட அமைப்பில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் அசைவைச் சீராக்கும் வசதியையும் இரைச்சல் குறைப்பையும் அணையுங்கள்.

அதன்பிறகு எதிரி தாக்க வரும்போது தோன்றும் வளையங்களைக் கவனியுங்கள். மஞ்சள் வளையம்: சாதாரணத் தடுப்பு உடைந்துபோகும், சரியான கணத்தில் எல்1 தட்டினால் மட்டும் திருப்பலாம். சிவப்பு: தடுக்கவே முடியாது, விலகுங்கள். நீலம்: எல்1ஐ இருமுறை தட்டிக் கேடயத்தால் முட்டி, அவர்களின் தாக்குதலைக் குலையுங்கள். சிவப்புக்கு எல்1 அழுத்திக்கொண்டு நிற்பதுதான் புதியவர்கள் அடிக்கடி சாகும் வழி. கேடயத்தையும் பாருங்கள்: ஸ்டோன்வோல் கேடயத்தால் அடியைத் திருப்ப முடியாது, அது தாங்குவதற்கு மட்டும். தட்டித் திருப்ப விரும்பினால் டோன்ட்லெஸ் கேடயம். கஷ்ட நிலை ஐந்து உண்டு. இடையில் குறைத்தால் யாரும் சிரிக்கப்போவதில்லை.

முந்திய பாகத்தை விளையாடாமல் இதைத் தொடங்கலாமா? நோர்ஸ் புராணமும் எனக்குத் தெரியாது.
— வாசகி, ஓர்ஸ் ஹில்

முந்தியதை விளையாடுவதே நல்லது. பழைய பெட்டியில் இலேசாக ஓடும், டிஸ்க்கும் மலிவு. நேரமில்லையென்றால் இவ்வளவு போதும்: கிரேக்கக் கடவுள்களை அழித்த கிரேட்டோஸ் வடதேசத்தில் குடியேறி, இறந்த மனைவியின் சாம்பலை மகன் அட்ரேயஸோடு மலையுச்சிக்குக் கொண்டுபோகிறான். வழியில் பால்டர் என்ற கடவுளைக் கொல்கிறான். பால்டரின் தாய் ஃப்ரேயா பகையாகிறாள். உலக முடிவுக்கு முன் வரும் ஃபிம்புல் குளிர்காலம் தொடங்குகிறது. ரக்னரோக் அங்கிருந்து எழுகிறது.

புராணத்தின் மூலங்கள் ‘எட்டா’ எனப்படும் ஐஸ்லாந்தின் பழைய நூல்கள். உரைநடை எட்டாவை எழுதியவர் 13ஆம் நூற்றாண்டின் ஸ்னோரி ஸ்டுர்லுசன். அங்கே, உலக முடிவுப் போரான ரக்னரோக்கில், கடவுள்களின் தலைவன் ஓடினை ஃபென்ரிர் ஓநாய் விழுங்கும். இடிக்கடவுள் தோர் பெரும்பாம்பைக் கொன்று ஒன்பது அடி நடந்து விழுவான். விளையாட்டு தன் வழியில் போகிறது. இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவுக்குப் பல கதை கேட்டு வளர்ந்த ஊரவருக்கு அது உறுத்தாது. ஆனால் சில இடங்களில் புராணத்தை அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஓடினின் ட்ரௌப்னிர் மோதிரம் ஒன்பதாம் இரவுதோறும் எட்டு மோதிரங்களைச் சொரியும் என்பது எட்டா. விளையாட்டில் அது ஈட்டியாகிறது: எறிய எறிய இன்னொன்று கையில் முளைக்கும். குத்தி நிற்பவற்றை முக்கோணப் பொத்தானால் வெடிக்க வைக்கலாம்.

11 வயது மகன் கேட்டு அடம்பிடிக்கிறான். ‘சாமிக் கதைதானே உம்மா’ என்கிறான். கொடுக்கலாமா?
— ஒரு தாய், கிண்ணியா

வேண்டாம் சகோதரி. ஐரோப்பியத் தரப்படுத்தலில் இது 18 வயதுக்கு மேல். இரத்தமும் வெட்டும் கெட்ட வார்த்தைகளும் நிறைய. பிஎஸ்4இல் குடும்ப முகாமைத்துவத்தில் அவனுக்குத் தனிக் கணக்குத் திறந்து, வயதெல்லையைப் போட்டு, உங்கள் கணக்குக்குக் கடவுச்சொல் வையுங்கள்.

பிஎஸ்2இல் கோட் ஒஃப் வோர் 2 இடைக்காட்சிகளில் உறைகிறது. மற்ற டிஸ்க் எல்லாம் ஓடுகின்றன.
— வாசகர், பாலையூற்று

2007இல் வந்த அந்த விளையாட்டு இரட்டை அடுக்கு டிவிடியில் உள்ளது. களைத்த லேசர் ஒற்றை அடுக்கைப் படித்துவிடும், இரண்டாம் அடுக்கில் திணறும். ஸ்லிம் என்றால் மூடியைத் திறந்தவுடனே லென்ஸ் தெரியும்: பஞ்சுக் குச்சியில் ஒரு துளி அல்கஹோல், அழுத்தாமல் இரண்டு சுற்று, பிறகு உலர்ந்த குச்சி. லேசர் நகரும் கம்பியில் பழைய கிறீஸைத் துடைத்து வெள்ளை லித்தியம் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். லேசரின் குட்டித் திருகியைத் திருப்பிச் சக்தி கூட்டச் சொல்லுவார்கள். சில கிழமை நன்றாக ஓடி, லேசர் எரிந்துவிடும். துப்புரவாக்கியும் உறைந்தால் லேசரையே மாற்றுங்கள்.